உறவற்றவருக்கு ஊரே உறவு

(பாறசாலை, நெய்யாற்றங்கரை எல்லைக் கிராமங்களைச் சேர்ந்த தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கர்நாடக மாநிலத்தின் விஜயநகர மாவட்டத்தில் ஹூவினஹடகலி என்னும் சிறு நகரம் இருக்கிறது. 2021 நவம்பரில் அந்நகரின் தெருக்கள் ஒரு மனிதரின் இறுதி ஊர்வலத்திற்காக நிரம்பி வழிந்தன. இரங்கல் பதாகைகள் கட்டப்பட்டன. வாத்தியம் முழங்கியது. ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் உடன் நடந்தனர். மறைந்தவர் அமைச்சரல்லர், மடாதிபதியல்லர், திரைக்கலைஞருமல்லர். பேருந்து மோதிப் படுகாயமுற்று மருத்துவமனையில் உயிர்நீத்த, 45 வயதான ஒரு பிச்சைக்காரர். பெயர் பசவா. ஊரார் அழைத்த பெயர் ‘ஹுச்சா பஸ்யா’. ஹுச்சா என்ற கன்னடச் சொல்லுக்குப் பித்தன் என்று பொருள்.

பஸ்யா யாரிடமும் ஒரு ரூபாய்க்கு மேல் வாங்கியதில்லை. பத்து ரூபாயை நீட்டினாலும் ஒரு ரூபாயை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வற்புறுத்தினாலும் ஏற்க மாட்டார். எதிர்ப்பட்ட அனைவரையும் ‘அப்பாஜி’ என்றே அழைப்பார். கர்நாடகத்தின் முன்னாள் துணை முதலமைச்சர் எம்.பி. பிரகாஷ், முன்னாள் அமைச்சர் பரமேஸ்வர நாயக் போன்றோரிடமும் அதே உரிமையுடன்தான் பேசுவார் என்று செய்திகள் கூறின. அவருக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையும் ஊரில் இருந்தது.

தொலைதூரக் கன்னட நகரத்தின் இச்செய்தியை இந்த எல்லைக் கிராமங்களில் ஏன் பேச வேண்டும்? பஸ்யாவைப் போன்ற மனிதர் இல்லாத ஊர் கிடையாது என்பதே காரணம். பேருந்து நிலையத் திண்ணையில், சந்தை வாசலில், தேநீர்க் கடையின் பின்புறத்தில் அப்படியொருவர் இருக்கிறார். காலையில் அவருக்கு ஒரு தேநீர் கொடுத்த பின்னரே கல்லாவில் அமரும் கடைக்காரர் இருக்கிறார். அவர் பெயரைச் சொல்லிக் குழந்தைக்குச் சோறூட்டும் தாய்மார் இருக்கின்றனர். ஆனால் அவர் இறந்துபோகும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதை எந்த ஊரும் முன்கூட்டிச் சிந்திப்பதில்லை. ஹூவினஹடகலி அந்நாளில் சிந்தித்தது, செயல்பட்டது. அதன் பெருமையைப் பேசவேண்டும். அது எழுப்பும் கேள்விகளையும் பேசவேண்டும்.

ஊர் அழுததன் பொருள்

பிச்சைக்காரர் ஒருவருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று ஏளனம் செய்தவர்களும் இருந்திருக்கலாம். மார்க்சியவாதிகள் ஏளனம் செய்யலாகாது. ஆயிரக்கணக்கானோர் எவ்விதக் கூலியுமின்றி, எவ்வித ஆதாயமுமின்றி ஓரிடத்தில் கூடினால், அங்கு ஏதோ ஓர் உண்மை இருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

சந்தையில் அனைத்திற்கும் விலை உண்டு. கொடுப்பவன் பெரியவன், வாங்குபவன் சிறியவன் என்பது அதன் விதி. பஸ்யா அவ்விதியை ஒரு ரூபாயால் முறித்தார். லட்சாதிபதியின் ஒரு ரூபாயும் சுமைதூக்கியின் ஒரு ரூபாயும் அவர் கையில் சமமாயின. மீதியைத் திருப்பித் தந்த கணத்தில் கொடுத்தவருக்குத் தான் வள்ளல் என்ற எண்ணம் கரைந்துபோயிருக்கும். ஊர் அவரை நேசித்ததற்கு அதிர்ஷ்ட நம்பிக்கை ஒரு காரணமாயின், இச்சமத்துவத்தின் சுவையும் ஒரு காரணமே.

எனினும் அந்த நேசத்தின் மறுபக்கத்தையும் காணவேண்டும். பித்தன் என்ற அடைமொழி அவருடைய இறப்பிற்குப் பின்னும் அவரை விட்டு நீங்கவில்லை. அவரை மனநலம் குன்றியவர் என்றே செய்திகள் குறிப்பிட்டன. அதிர்ஷ்டத்தின் சின்னமாக ஒரு மனிதரைப் பார்ப்பவர், அவருக்கு மருத்துவம் தேவை, உறங்க இடம் தேவை என்பதை எளிதில் மறந்துவிடுகிறார். சின்னத்திற்குப் பசி எடுப்பதில்லை அல்லவா!

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயுற்ற ஒவ்வொருவருக்கும் சமூகத்தினுள் வாழும் உரிமை உண்டு என்கிறது. தன்னைத்தானே பேணிக்கொள்ள இயலாமல் தெருவில் அலைபவரைப் பாதுகாத்து மருத்துவ உதவிக்குக் கொண்டுசெல்லும் கடமையைக் காவல்துறையின் மீது சுமத்துகிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. மனிதர் திண்ணையில் இருக்கிறார். இரண்டையும் இணைப்பவர் யார்? இறுதி ஊர்வலத்தில் நடந்த ஆயிரக்கணக்கானோரில் பத்துப்பேர் முன்னரே ஒரு குழுவாக இணைந்திருந்தால் அவ்விணைப்பு சாத்தியமாகியிருக்கும். பஸ்யாவின் ஊர்வலம் விட்டுச்சென்ற முதல் கேள்வி இதுவே.

கொடையும் பறிப்பும்

உறவினர் எவரும் வராத உடலுக்கு என்ன நேர்கிறது? சாலையில் அடிபட்டு இறந்தால் காவல்துறை மரண விசாரணை நடத்துகிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவின்கீழ் நடைபெற்றது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவின்கீழ் நடைபெறுகிறது. உடற்கூறாய்வுக்குப் பின் உடல் பிணவறையில் காத்திருக்கும். எவரும் உரிமை கோராவிடில் உள்ளாட்சி மன்றம் அடக்கம் செய்யும். அல்லது உடல் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும். கேரளத்தில் இதற்கென 1957ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டம் இருக்கிறது.

மருத்துவக் கல்விக்கு உடல் தேவை என்பதில் ஐயமில்லை. தோழர் ஜோதிபாசு 2010இல் மறைந்தபோது அவருடைய உடல் மருத்துவ ஆராய்ச்சிக்கு வழங்கப்பட்டது. தோழர் சீத்தாராம் யெச்சூரி 2024 செப்டம்பரில் மறைந்தபோது அவருடைய உடல் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அளிக்கப்பட்டது. வாழ்நாளில் தெளிந்த சிந்தனையுடன் எடுக்கப்படும் முடிவு அது. ஆகவே அது கொடை. யாரும் வரவில்லை என்ற ஒரே காரணத்தால் ஓர் ஏழையின் உடல் மேசைக்குச் செல்லுமானால், அதே செயலுக்கு அங்கு பொருள் வேறு. அறிவியலில் வேற்றுமை இல்லை, சம்மதத்தில்தான் வேற்றுமை.

வரலாறு இதை உரக்கச் சொல்கிறது. இங்கிலாந்தில் 1832ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டம், ஏழையர் விடுதிகளில் இறந்து உரிமை கோரப்படாதோரின் உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்கு வழங்க வழிசெய்தது. அதுவரை தூக்கிலிடப்பட்ட கொலைக் குற்றவாளிகளின் உடலே அறுக்கப்பட்டு வந்தது. குற்றவாளிக்குரிய தண்டனை வறியவருக்கு மாற்றப்பட்டது என்று உழைப்பாளர்கள் கொதித்தனர். வாரந்தோறும் சில காசுகளைச் சேர்த்து, தம் இறுதிச் சடங்கிற்கான செலவைத் தாமே ஈட்டிக்கொள்ளும் அடக்கச் சங்கங்களில் லட்சக்கணக்கான ஏழைகள் இணைந்தனர். உணவைச் சுருக்கியேனும் சந்தாவைச் செலுத்தினர். நம்மிடையே உள்ள மரண உதவிச் சங்கங்களும் அதே தேவையிலிருந்து பிறந்தவையே. உயிரோடிருக்கையில் கிடைக்காத மரியாதை சாகும்போதாவது கிடைக்கவேண்டும் என்ற ஏக்கம் உழைக்கும் வர்க்கத்திற்கு உலகெங்கும் பொதுவானது.

இந்திய உச்சநீதிமன்றமும் இதனை ஏற்றுள்ளது. தில்லியில் வீடற்றோருக்காகப் பணியாற்றிய ஆஷ்ரய் அதிகார் அபியான் என்ற அமைப்பின் வழக்கில், 2002இல், வீடற்று இறந்தவருக்கும் அவருடைய சமய நம்பிக்கைக்கேற்பக் கண்ணியமான இறுதிச்சடங்கு பெறும் உரிமை உண்டு என்றும், அது அரசின் கடமை என்றும் கூறப்பட்டது. ஆகவே யாருமற்றவரை அடக்கம் செய்வது ஊரார் காட்டும் இரக்கம் மட்டுமன்று, இறந்தவருக்குரிய உரிமை.

பாதையும் நிலமும்

உரிமை காகிதத்தில் இருப்பினும், உடல் செல்வதற்குப் பாதை வேண்டும். இறக்கி வைப்பதற்கு நிலம் வேண்டும். நமது நாட்டில் இவ்விரண்டையும் சாதியும் சொத்தும் பிடித்து வைத்துள்ளன.

இந்த மண்ணின் வரலாறே பாதைக்கான வரலாறு. நெய்யாற்றங்கரைப் பகுதியின் வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, 1893இல் வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் சென்றார். அச்சாலையில் நடப்பதே ஒடுக்கப்பட்டோருக்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது. நூறாண்டுகள் கடந்தும் உயிரோடிருப்போருக்குத் திறந்த சாலை, இறந்தோருக்கு மூடப்படுவதைத் தமிழ்நாட்டில் காண்கிறோம். 2016 ஜனவரியில் மயிலாடுதுறை அருகே வழுவூரில், நூறு வயது தலித் முதியவர் ஒருவரின் உடலைப் பொதுப்பாதையில் எடுத்துச்செல்ல உயர்நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரும் வழி கிட்டவில்லை. இறுதியில் காவல்துறையினரே உடலைக் கொண்டுசென்று அடக்கம் செய்தனர். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றுக்குள் இறக்கினர். அக்காட்சியைக் கண்ட சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

கேரளத்தில் இத்தகைய பாதை மறுப்பு அரிது. ஆனால் நிலம்? 1970 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம் குடிகிடப்புக்காரருக்குக் கிராமத்தில் பத்து சென்ட் வரை உரிமையாக்கியது. அது மகத்தான சாதனை. 1972இல் தோழர் எம்.என். கோவிந்தன் நாயரின் முன்முயற்சியில் தொடங்கிய லட்சம் வீடு திட்டம் வீடற்றோருக்குக் கூரை தந்தது. எனினும் பத்து சென்ட்டும் நான்கு சென்ட்டும் மூன்று தலைமுறைகளாகப் பாகம் பிரிந்துவிட்டன. வசதியுள்ள வீட்டில் தென்புறத் தோட்டத்தில் சிதை மூட்டி, எரிந்த இடத்தில் தென்னங்கன்று நடுகிறார்கள். காலனியில் வாழும் குடும்பத்திற்குத் தோட்டமில்லை. அடுக்களைத் தரையைத் தோண்டி இறந்தவரைப் புதைத்த தலித் குடும்பங்களின் செய்தி கேரளத்தின் பல பகுதிகளிலிருந்து வந்துகொண்டே இருந்தது. தேவாலயக் கல்லறை உள்ளோருக்கு அது உண்டு. பள்ளிவாசல் அடக்கத்தலம் உள்ளோருக்கு அது உண்டு. எந்த அமைப்பின் பதிவேட்டிலும் பெயரில்லாத ஏழைக்கு எதுவும் இல்லை.

2020 டிசம்பரில், இதே நெய்யாற்றங்கரையில், மூன்று சென்ட் நிலத்திலிருந்து ஒரு குடும்பத்தை வெளியேற்றும் நடவடிக்கையின்போது கணவனும் மனைவியும் தீக்காயமுற்று மாண்டனர். தந்தைக்கு மகன் தன் கையாலேயே குழி வெட்டினான். காவலர்கள் பக்கத்தில் நின்றனர். அக்காட்சியைக் கேரளமே கண்டு கலங்கியது. அன்று ஆட்சியிலிருந்தது இடது ஜனநாயக முன்னணி. பிள்ளைகளின் பாதுகாப்பை அரசு ஏற்கும் என்ற அறிவிப்பு உடனே வந்தது. அது சரியான செயல். ஆனால் அறிவிப்புக்கு முன்பாக அந்தக் குழியருகே அக்கம்பக்கத்தார் மண்வெட்டியுடன் நின்றிருக்கவேண்டாமா, பேசித் தீர்க்க ஓர் ஊர்க்குழு அதற்கும் முன்பே இருந்திருக்கவேண்டாமா என்ற கேள்வியிலிருந்து எந்தக் கட்சிக் கிளையும் தப்பிக்க இயலாது.

அடக்கம் செய்வது ஒரு வேலை

துக்கம் இயல்பாக வரும். ஏற்பாடு இயல்பாக வருவதில்லை. உறவற்ற ஒருவரை ஊர் கூடி அடக்கம் செய்யும்போது எழும் பிரச்சினைகளை ஒவ்வொன்றாக நோக்குதல் பயனுள்ளது.

முதலாவது, உடலைப் பெறுவது. இறந்தவருக்கு உறவினர் உண்டா என்பதை அறியக் காவல்துறைக்குக் கால அவகாசம் தேவை. அவசரப்படுத்தலாகாது. என்றோ பிரிந்துபோன தங்கை ஒருத்தி எங்கோ இருக்கக்கூடும். அவள் வந்து முகம் பார்க்கும் வாய்ப்பை ஊரின் அன்பு பறித்துவிடக்கூடாது. எவரும் வராதபோது, பொறுப்பேற்க முன்வருவோர் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் கோரவேண்டும். வார்டு உறுப்பினரின் கடிதம் அதற்குத் துணை நிற்கும்.

இரண்டாவது, சடங்கு. இந்த எல்லைக் கிராமங்களில் இந்துக்கள், சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர்கள், லத்தீன் கத்தோலிக்கர், முஸ்லிம்கள் ஆகியோர் ஒரே தெருவில் வாழ்கின்றனர். இறந்தவர் யார் என்ற கேள்வி எழும். அவருடைய நம்பிக்கை தெரிந்திருந்தால் அதன்படியே செய்யவேண்டும். கட்சித் தோழர்கள் முன்னின்று நடத்துகிறார்கள் என்பதற்காக அவர் மீது நாத்திகத்தைப் போர்த்தலாகாது. எந்த மதவாத அமைப்பும் தன் கொடியை அவ்வுடலின் மீது போர்த்தவும் அனுமதிக்கலாகாது. நம்பிக்கை தெரியாதவிடத்து மௌனமும் மலரும் போதும். அயோத்தியில் முகமது ஷெரீப் என்ற சைக்கிள் பழுதுபார்க்கும் தொழிலாளி இருக்கிறார். 1992இல் வீட்டைவிட்டுச் சென்ற மகன் கொல்லப்பட்டு, அவனுடைய உடல் தந்தை காணாமலேயே அப்புறப்படுத்தப்பட்டது. அதன்பின் உரிமை கோரப்படாத உடல்களை அவர் ஏற்கத் தொடங்கினார். இந்துவாயின் எரித்தார், முஸ்லிமாயின் புதைத்தார். ஆயிரக்கணக்கான உடல்களுக்கு இவ்வாறு இறுதிக்கடன் செய்த அவருக்கு 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மதத்தின் பெயரால் நாட்டைப் பிளந்த நகரத்திலிருந்தே இம்மனிதரும் வந்தார்.

மூன்றாவது, உழைப்பு. குழி வெட்டுவதும் சிதை அடுக்குவதும் பறையடிப்பதும் குறிப்பிட்ட சாதியின் கடமை என்று இன்றும் பல ஊர்களில் கருதப்படுகிறது. பஞ்சாயத்துத் தலைவர் மாலையுடன் வருவார். வாலிபர்கள் கைப்பேசியில் படமெடுப்பார்கள். மண்ணை வெட்டுபவர் மட்டும் தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவிலிருந்து வருவார். சமத்துவத்தைப் பேசும் ஊர்வலம் குழியருகே சென்று சாதியில் முடிவதா? அவ்வேலைக்கு நியாயமான கூலி வழங்கவேண்டும், எவரையும் கட்டாயப்படுத்தலாகாது, கிளைத் தோழர்கள் சாதி பாராமல் மண்வெட்டியைக் கையில் எடுக்கவேண்டும்.

நான்காவது, பணம். வாகன வாடகை, பெட்டி அல்லது விறகு, எரிமேடைக் கட்டணம், கூலி என்று செலவு பலவாறாக விரியும். ஊர் கூடினால் பணம் சேரும். சிலவேளை தேவைக்கு மேலும் சேரும். வரவு செலவை அன்று மாலையே கடைவீதியில் எழுதி ஒட்டவேண்டும். மீந்த தொகை பதாகைக்கோ விருந்துக்கோ செல்லலாகாது. திண்ணையில் அமர்ந்திருக்கும் அடுத்த மனிதரின் மருந்துக்குச் செல்லவேண்டும். ஒரு ரூபாய்க்கு மேல் வாங்காத பஸ்யாவின் பெயரை உச்சரிப்பவர்களுக்கு இந்தக் கண்டிப்பு அவசியம்.

எல்லையில் வாழ்வோரின் கடமை

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகியவை தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றங்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு வரைந்தவர்கள் நிலத்தைப் பிரித்தனர். வழிப்போக்கரைப் பிரிக்க இயலவில்லை. காலையில் களியக்காவிளைச் சந்தையிலும் மாலையில் பாறசாலை ரயில் நிலையத்திலும் இருப்பவருக்கு எந்த மாநிலம்? தேசிய நெடுஞ்சாலை 66இல், இஞ்சிவிளையில் அவர் அடிபட்டால் ஒரு காவல் நிலையம். சற்றுத் தள்ளி அடிபட்டால் வேறொரு மாநிலத்தின் காவல் நிலையம். மலையாளத்தில் வெளியிடப்படும் அறிவிப்பை அவருடைய தமிழ் உறவினர் படிக்கமாட்டார்; தமிழில் வெளியிடப்படுவதை இப்பக்கத்து அதிகாரி படிக்கமாட்டார். இரு மொழியும் அறிந்த எல்லைத் தோழர்களுக்கு இங்கே எவராலும் ஈடுசெய்ய முடியாத பணி காத்திருக்கிறது. அறிவிப்பை மொழிபெயர்த்து, இரு பக்கத்துக் கிளைகளுக்கும் கொண்டுசேர்த்தாலே பல பெயரற்ற உடல்கள் பெயர் பெறும்.

கேரளம் மீவறுமையில் வாடும் குடும்பங்களை உள்ளாட்சிகளின் வழியாக, வீடு வீடாகச் சென்று கண்டறிந்தது. 64,006 குடும்பங்கள் பட்டியலில் இடம்பெற்றன. 2025 நவம்பர் முதல் நாள், மீவறுமை அகன்ற மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பைப் பற்றிய விவாதங்கள் ஒருபுறம் இருக்கட்டும். பெயர் பெயராகத் தேடிச்சென்ற அந்த முறை நமது பெருஞ்சொத்து. ஆனால் குடும்பம் என்ற அலகில் எண்ணும்போது, குடும்பமே இல்லாதவரும், எல்லையைக் கடந்து திரிபவரும், ஆவணம் ஏதுமற்றவரும் விடுபட வாய்ப்புண்டு. அவர்களைத் தேடுவது கணக்கெடுப்பு அலுவலரால் மட்டும் ஆகக்கூடியதன்று. தெருவை அறிந்த கிளையால் ஆகும்.

எனவே ஒவ்வொரு கிளையும் மூன்று காரியங்களைக் கையிலெடுக்கவேண்டும். தம் பகுதியில் ஆளற்றுத் தெருவில் வாழ்வோரின் பெயரையும், அவர்களே விரும்பிச் சொல்லும் ஊரையும் உறவையும் நம்பிக்கையையும் குறித்து வைக்கவேண்டும். சாதி மத வேற்றுமையின்றி எவரும் பயன்படுத்தக்கூடிய பொது எரிமேடையும் அடக்கத்தலமும் தம் உள்ளாட்சியில் உள்ளனவா என்று பார்த்து, இல்லையேல் கிராமசபையில் தீர்மானம் கொண்டுவந்து போராடவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம், குடும்பஸ்ரீ, வியாபாரிகள் ஆகியோரை இணைத்து, அம்மனிதர்கள் உயிரோடிருக்கும்போதே உணவும் மருந்தும் இரவில் பாதுகாப்பான உறைவிடமும் கிடைக்க ஏற்பாடு செய்யவேண்டும். மூன்றில் கடைசியாகச் சொன்னதே முதலில் செய்யவேண்டியது.

ஹூவினஹடகலியின் மக்கள் ஒரு பெரிய உண்மையை மெய்ப்பித்தனர். யாருமற்றவர் என்று சொல்லப்பட்ட மனிதருக்கு ஒரே நாளில் ஆயிரக்கணக்கான உறவினர் தோன்ற முடியும் என்பதே அது. மக்களிடம் அந்த ஆற்றல் இருக்கிறது. அது எங்கிருந்தோ இறக்குமதி செய்யப்பட வேண்டியதன்று. மரணம் அதை ஒருநாள் மட்டும் எழுப்புகிறது. மறுநாள் கடைகள் திறந்ததும் அது மீண்டும் உறங்கிவிடுகிறது. உறங்கவிடாமல் காப்பதற்கே அமைப்பு வேண்டியிருக்கிறது. நாளை காலை கடைத்திண்ணையில் தேநீருக்காகக் காத்திருக்கும் அந்த மனிதரின் பெயரைக் கேட்டறிவதிலிருந்து அப்பணியைத் தொடங்குங்கள், தோழர்களே!